அரசரின் மருமகன் ஒரோண்டஸ்

பாரசீகரின் அகாமனிசியப் பேரரசில் மாகாணத்தை ஆண்டவர் சத்ரப் எனப்பட்டார். வரி தண்டுவதும் படை திரட்டுவதும் அவர் பொறுப்பாக இருந்தமையால், தலைநகரிலிருந்து பல வாரப் பயணத் தொலைவில் அவர் ஒரு சிற்றரசருக்கு நிகராகவே விளங்கினார். அத்தகையவரைத் தம்மோடு பிணைத்துக்கொள்ள அரசர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று பெண் கொடுத்தல். ஆர்மீனியாவின் சத்ரப் ஒரோண்டஸ் இவ்வழியில் உயர்ந்தவர்.

கி.மு. 401இல் குனாக்சா போரில் இரண்டாம் அர்தசெர்க்செஸ் தம் தம்பி சைரஸை வென்றார். சைரஸின் கிரேக்கக் கூலிப்படையினர் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபோது, அவர்களை ஒட்டி வந்த பாரசீகப் படைத்தலைவர்களுள் ஒருவரான ஒரோண்டஸ், அரசரின் மகளை மணமுடித்து உடன் அழைத்துச் சென்றுகொண்டிருந்தார் என்று அக்கூலிப்படையில் இருந்த செனபோன் குறித்துள்ளார். அம்மகளின் பெயர் ரோடோகுனே.

இம்மணத்தின் மதிப்பை மேற்கு ஆர்மீனியாவை ஆண்ட திரிபாசஸின் கதை காட்டுகிறது. அரசரைக் குதிரையில் ஏற்றிவிடும் உரிமை, தாம் உடனிருக்கும் வேளையில் தமக்கு மட்டுமே உரியது என்னும் அளவுக்கு அவர் நெருக்கம் பெற்றிருந்தார். ஆயினும் அவருக்கு வாக்களித்த மகள் அமெஸ்திரிஸை அரசரே மணந்துகொண்டார். ஈடாக நிச்சயித்த இளைய மகள் அதோசாவையும் பின்னர் தாமே மணந்தார் என்கிறார் புளூடார்க். அவமதிக்கப்பட்ட திரிபாசஸ் பட்டத்து இளவரசனின் சதியில் சேர்ந்து உயிரிழந்தார்.

எனினும் மருமகன் என்னும் தகுதி முழுக் காப்பாக அமையவில்லை. திரிபாசஸின் சதிக்கு முன்பு, சைப்ரஸ் தீவின் சலாமிஸ் அரசர் ஏவகோரஸுக்கு எதிரான போரில், கடற்படையை நடத்திய திரிபாசஸ் மீது ஒரோண்டஸ் அரசருக்குப் புகார் எழுதி அவரைச் சிறைப்படுத்த வைத்தார். விசாரணையில் திரிபாசஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானதும், ஒரோண்டஸின் பெயர் அரசரின் நண்பர் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. கணக்கர் கைவிரல் ஒருசமயம் பதினாயிரத்தையும் மறுசமயம் ஒன்றையும் குறிப்பதுபோன்றதே அரச நண்பர்களின் நிலை என்னும் கருத்து அவர் கூறியதாக வழங்குகிறது.

பின்னர், கி.மு. 360களில் மேற்கு மாகாணங்களில் எழுந்த சத்ரப்புகளின் கிளர்ச்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிசியாவின் ஒரோண்டஸ் இவரே எனப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். 20,000 வீரர்களுக்கு ஓராண்டு ஊதியமாகத் திரட்டிய பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர், அதைக் கொண்டுவந்தவர்களையே பிடித்து அரசரிடம் அனுப்பினார் என்று டயோடோரஸ் எழுதுகிறார். மாமனாருக்கும் கூட்டாளிகளுக்கும் ஒருசேர இரண்டகம் செய்த இச்செயலை அரசியல் திறம் என்று போற்றுவதற்கில்லை.

அத்திருமணத்தின் நிலையான பயனை அடைந்தவர்கள் பின்வந்தோரே. ஆர்மீனியாவை ஆண்ட ஒரோண்டிய மரபினர் அவர் பெயராலேயே அறியப்படுகின்றனர். கி.மு. முதல் நூற்றாண்டில் கொம்மகெனே அரசர் முதலாம் அந்தியோகஸ், இன்றைய துருக்கியின் நெம்ருத் மலையுச்சியில் தம் முன்னோருக்கு நாட்டிய கற்பலகைகளில் தாரியஸ் முதலான பாரசீகப் பேரரசர்களைத் தம் குலமுதல்வர்களாகக் காட்டினார்; அவர்களோடு அவரை இணைக்கும் கண்ணி, அர்தசெர்க்செஸின் மகள் ரோடோகுனேயை மணந்தவர் என்று அங்கே பொறிக்கப்பட்டுள்ள ஒரோண்டஸ்தான்.