சன்னோ விடுதியில் ஒரு தரூர்க்காரர்

 

பாலக்காட்டு எல்லைப் பகுதிகளில், குறிப்பாகச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் கே.பி. கேசவ மேனன் என்னும் பெயர் இரண்டு காரணங்களால் அறிமுகமானது. ஒன்று, 1923 மார்ச் 18 அன்று கோழிக்கோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘மாத்ருபூமி’ நாளிதழ். மற்றொன்று, 1924ஆம் ஆண்டின் வைக்கம் போராட்டம். அவர் கைதான பின்னரே ஈரோட்டிலிருந்து பெரியார் வைக்கத்திற்கு வந்தார் என்பதால் தமிழ்நாட்டு வரலாற்று நூல்களிலும் அவர் பெயர் ஓரிரு வரிகளில் இடம்பெற்றுவிடுகிறது. ஆனால் ஆலத்தூர் வட்டத்துத் தரூர் என்னும் சிற்றூரில் 1886இல் பிறந்த இம்மனிதர், 1942 மார்ச் மாத இறுதியில், உலகப் போரின் நடுவே, டோக்கியோ நகரின் உயர்தர விடுதியொன்றில் தங்கி, இந்தியாவின் விடுதலையைப் பற்றி ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் அமர்ந்து விவாதித்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. மாத்ருபூமியைப் பற்றியும் வைக்கத்தைப் பற்றியும் எழுதக் குவிந்தவர்கள் அந்த விடுதியைப் பற்றி எழுத ஏனோ அதிகம் முன்வரவில்லை.

முதலில் விடுதியைப் பற்றிக் கூறிவிடுகிறேன். ‘ஹோட்டல்’ என்னும் சொல் நம்மூரில் நெடுங்காலம் சாப்பாட்டுக் கடையையே குறித்தது. தங்குமிடம் என்றால் சத்திரம், பின்னாளில் லாட்ஜ். ஜப்பானில் அச்சொல் மேனாட்டு முறையிலான தங்கும் மாளிகைக்கு மட்டுமே உரியதாக நுழைந்தது. மரபான தங்குமிடத்திற்கு அங்கே ‘ரியோகான்’ என்னும் தனிச்சொல் உண்டு. அங்கே தரையில் பாய், தரையிலேயே படுக்கை. நாற்காலியும் கட்டிலும் முள்கரண்டியும் கொண்ட மாளிகைகள் வெளிநாட்டாருக்காகவும், வெளிநாட்டாரைப் போல நடந்துகொள்ள விரும்பிய உள்நாட்டு மேட்டுக்குடியினருக்காகவும் எழுந்தவை. 1890இல் தொடங்கப்பெற்ற இம்பீரியல் விடுதி அவற்றுள் தலையாயது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த அதன் புதிய கட்டடத்தின் திறப்பு விழா நாளாகிய 1923 செப்டம்பர் 1 அன்றே பெருநிலநடுக்கம் நகரைத் தரைமட்டமாக்கியது. விடுதி பெருஞ்சேதமின்றி நின்றது. அந்த அழிவிலிருந்து மீண்டெழுந்த டோக்கியோவில், 1932இல், நகாதாச்சோ பகுதியில் திறக்கப்பட்டதே சன்னோ விடுதி. அருகிலுள்ள ஹியே கோயிலை மக்கள் ‘சன்னோ’ என்று அழைப்பர். பெயர் அதிலிருந்து வந்தது. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் நடந்தே செல்லும் தொலைவில் இருந்தமையால் இவ்விடுதிக்கு அரசியல் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது எனலாம்.

1936 பிப்ரவரி 26 அன்று, பனி கொட்டிய அதிகாலையில், ஏறத்தாழ 1,400 படைவீரர்களை இளம் அதிகாரிகள் சிலர் வழிநடத்திச் சென்று அமைச்சர்களைக் கொன்ற கலகம் ஜப்பானிய வரலாற்றில் புகழ்பெற்றது. நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ அன்று கொல்லப்பட்டார். கலகக்காரர்களுள் கேப்டன் ஆந்தோ தெருசோவின் படைப்பிரிவு சன்னோ விடுதியைக் கைப்பற்றித் தளமாக்கிக்கொண்டது. பிப்ரவரி 29 அன்று, படைவீரர்களைத் திரும்பிச் செல்லுமாறு வானொலி வேண்டிக்கொண்டிருக்க, ஏனைய பிரிவுகள் பணிந்த பின்னரும் கடைசியாகத் தாக்குப்பிடித்தது இவ்விடுதியே. ஆறே ஆண்டுகள் கழித்து அதே கூடங்களில், பேரரசொன்றை எதிர்க்கத் துணிந்த வேறொரு கூட்டம், இம்முறை அரசின் விருந்தினராக வந்து அமர்ந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 9, 10 ஆகிய நாள்களில் மலாயா, தாய்லாந்து பகுதிகளின் இந்தியப் பிரதிநிதிகள் சிங்கப்பூரில் கூடினர். டோக்கியோவில் ராஷ் பிகாரி போஸ் கூட்டியிருந்த மாநாட்டிற்கு ஒரு குழுவை அனுப்புவதென்று முடிவாயிற்று. முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற தூதுக்குழு என்று அதனை அழைக்காமல் ‘நல்லெண்ணக் குழு’ என்றே அழைத்தனர். இச்சொல்லாட்சியில் வழக்கறிஞர் மூளை தெரிகிறது. மறுக்கவும் இயலாது, ஒப்பவும் கூடாது என்னும் நிலையில் நல்லெண்ணத்தைத் தவிர வேறு எதைக் கையில் எடுத்துச் செல்வது? குழுவில் சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில் செய்துவந்த கேசவ மேனன், பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன், சிங்கப்பூரின் எஸ்.சி. கோகோ, படைத்தரப்பிலிருந்து கேப்டன் மோகன் சிங் முதலியோர் இருந்தனர்.

இரண்டு விமானங்களில் புறப்பட்டனர். ஒன்று மட்டுமே டோக்கியோ சேர்ந்தது. மற்றொன்று ஜப்பானிய மண்ணில் மோசமான வானிலையில் சிக்கி வீழ்ந்தது. அதில் இருந்தவர்கள் பாங்காக்கின் சுவாமி சத்தியானந்த புரி, கியானி பிரீதம் சிங், கேப்டன் முகமது அக்ரம், மலாயாவின் கே.ஏ. நீலகண்ட ஐயர் ஆகியோர். இவ்விபத்துச் செய்தி திரிந்து, சுபாஷ் சந்திர போஸே இறந்துவிட்டார் என்று உலகெங்கும் பரவியது. காந்தியடிகள் சுபாஷின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். சுபாஷோ அப்போது பெர்லினில் நலமாக இருந்தார். பொய்யான இறப்புக்கு நாடே அழுதது. மெய்யாகவே இறந்த நால்வர் அந்தப் பரபரப்பில் மறக்கப்பட்டனர்.

அந்நால்வருள் நீலகண்ட ஐயரைப் பற்றி இங்கே நின்று பேச விரும்புகிறேன். மலாயா மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளராக இருந்த அவர், 1938இல் மலாயா இந்தியர்களின் சிக்கல்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கூலி, குடியிருப்பு, கள்ளுக்கடை, கங்காணி முறை என்று தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஒழுங்காகப் பதிவு செய்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நண்பர்களுக்கு அந்த உலகத்தை விளக்க வேண்டியதில்லை. வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை லயன் வீடுகள், கங்காணியின் கணக்கு, துரையின் குதிரைக் குளம்பொலி கேட்டால் ஓரமாய் ஒதுங்கி நிற்றல், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மரம் மட்டுமே வேறு: இங்கே தேயிலை, அங்கே ரப்பர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து, வெள்ளைக்காரரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறும் கேட்டனர். அரசு படையை அனுப்பிச் சுட்டது.

ஆக, டோக்கியோ சென்ற குடிமக்கள் பிரதிநிதிகளுள் தோட்டக்காட்டின் அன்றாடத்தைக் கணக்கோடு அறிந்து எழுதியவர் நீலகண்ட ஐயர். ராகவனும் அச்சங்கத்தின் தலைமையில் இருந்தவரே. எனினும் புள்ளிவிவரமும் புகார்க்கடிதமும் செயலாளரின் மேசைக்கே வந்து சேரும். அந்த மேசைக்குரியவர் விடுதியின் வாயிலை எட்டவில்லை. மலாயாவிலிருந்த இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அவர்கள் பெயரால் நடந்த மாநாட்டில் அவர்களைப் பற்றி அதிகம் எழுதியவரின் நாற்காலி வெறுமையாக இருந்தது. இதனை வெறும் தற்செயல் என்று என்னால் கடந்துபோக இயலவில்லை.

மார்ச் 28 முதல் 30 வரை சன்னோ விடுதியில் மாநாடு நடந்தது. அந்நாள்களின் டோக்கியோவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ‘ஆடம்பரமே எதிரி’ என்னும் முழக்கம் 1940 முதலே தெருவெங்கும் இருந்தது. 1941 ஏப்ரலிலிருந்து பெருநகரங்களில் அரிசிக்குப் பங்கீடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 330 கிராம். இத்தகைய நகரில் விருந்தினர்க்கென்று ஒதுக்கப்பட்ட உயர்தர அறையும் உணவும் எதற்காகத் தரப்படுகின்றன என்பது தரூர்க்காரருக்குப் புரியாமல் இருந்திருக்காது. விருந்தோம்பலின் பின்னே ஒரு கணக்கு உண்டு. பிரித்தானியப் பேரரசை உடைக்க இந்தியர் வேண்டும். ஆனால் இந்தியர் தம் விருப்பப்படி நடக்கவும் கூடாது.

தலைமை தாங்கிய ராஷ் பிகாரி போஸும் 1886இல் பிறந்தவர். மேனனைவிடச் சில மாதங்கள் மூத்தவர். ஒரே வயதினராகிய இருவரின் வழிகளும் எவ்வளவு வேறு! 1912இல் தில்லியில் வைசிராய் ஹார்டிஞ்சின் மீது குண்டெறிந்த சதியில் தேடப்பட்ட ராஷ் பிகாரி, 1915இல் பொய்ப்பெயரில் ஜப்பானுக்குத் தப்பினார். நாடு கடத்தும் ஆணை பிறந்தபோது அவருக்கு அடைக்கலம் தந்தது எந்த நட்சத்திர விடுதியும் அன்று. ஷின்ஜுகுவின் நகாமுராயா என்னும் ரொட்டிக்கடையின் பின்கட்டு. அக்கடைக்காரரின் மகள் தோஷிகோவை மணந்தார், 1923இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார், 1927இல் அதே கடையில் இந்தியக் கறிச்சோறு அறிமுகமாகக் காரணமானார். மேனனோ இலண்டனில் பாரிஸ்டர் படித்து, ஒத்துழையாமையில் தொழிலைத் துறந்து, பத்திரிகை நடத்தி, வைக்கத்தில் அறவழியில் சிறை சென்றவர். 1927இல் பிழைப்புத் தேடி மலாயா போனவர். வைக்கம் போராட்டம் தொடங்கிய நாள் 1924 மார்ச் 30. சன்னோ மாநாடு முடிந்த நாள் 1942 மார்ச் 30. சரியாகப் பதினெட்டு ஆண்டுகள்.

மலாயாக் குழுவினர்க்கு ராஷ் பிகாரியின் நாட்டுப்பற்றில் ஐயமில்லை. அவர் யாருடைய குரலில் பேசுகிறார் என்பதில்தான் ஐயம். ஜப்பானியக் குடிமகன், ஜப்பானிய மனைவியின் மக்கள், ஜப்பானியப் படைத்தலைமையோடு நெருக்கம். இப்படிப்பட்டவர் தலைமையில், ஜப்பானிய விருந்தினராக இருந்துகொண்டு எடுக்கும் முடிவு இந்தியரின் முடிவாகுமா? எனவே அவர்கள் இரண்டு செயல்களில் உறுதியாக நின்றனர். அந்நிய ஆதிக்கமோ தலையீடோ கட்டுப்பாடோ எவ்வகையிலும் இல்லாத முழு விடுதலையே குறிக்கோள், இந்தியாவின் மீதான படை நடவடிக்கை இந்தியத் தலைமையில் இந்தியப் படையாலேயே நடைபெற வேண்டும், அரசியலமைப்பை இந்திய மண்ணிலுள்ள பிரதிநிதிகளே வகுக்க வேண்டும் என்று தீர்மானங்களில் எழுத வைத்தது ஒன்று. இறுதி முடிவுகளை டோக்கியோவில் எடுக்காமல், கிழக்காசிய இந்தியர் அனைவரின் பேராளர்களும் கூடும் பாங்காக் மாநாட்டுக்குத் தள்ளியது மற்றொன்று. ‘எவ்வகை அந்நிய ஆதிக்கமும்’ என்னும் தொடரை அவ்விடத்தில் அமர்ந்து எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அது பிரித்தானியரை மட்டும் குறிக்கவில்லை என்பதை விருந்தளித்தவர்களும் உணர்ந்திருப்பர்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. ஜூன் 15 முதல் 23 வரை பாங்காக் மாநாடு. ராஷ் பிகாரியின் தலைமையில் செயற்குழு. அதில் மேனன், ராகவன், மோகன் சிங், ஜிலானி உறுப்பினர். மாநாட்டுத் தீர்மானங்களை ஏற்பதாக எழுத்தில் உறுதி தருமாறு ஜப்பானிய அரசைக் கேட்டனர். தெளிவான விடை வரவேயில்லை. 1942 டிசம்பரில் தலைவரைத் தவிர ஏனைய உறுப்பினர் அனைவரும் அடுத்தடுத்து விலகினர். மேனனைப் பின்னர் ஜப்பானியர் சிறையில் அடைத்தனர். 1945இல் ஜப்பான் சரணடைந்த பின்னரே வெளிவந்தார். சன்னோவில் மெத்தையிட்ட அதே கை சிங்கப்பூரில் சிறைக்கதவையும் பூட்டியது. இடையில், 1943இல், சயாம் - பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். சுபாஷ் 1943 மே மாதம் டோக்கியோ வந்து இம்பீரியல் விடுதியில் ‘மட்சுதா’ என்னும் பெயரில் தங்கியிருந்தார். அக்கதை பலரால் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. படைபலமும் மக்கள் எழுச்சியும் அதற்கே உரியவை. ஆனக்கரை வடக்கத்து வீட்டு வழிவந்த கேப்டன் லட்சுமியின் கதையும் அதனுள் அடங்கும். ஆயினும், எழுத்தில் உறுதி கேட்டுக் கிடைக்காததால் விலகிய வழக்கறிஞர்களின் கதை வீரக்கதைகளின் நிழலில் மங்கிப்போனது எனக்குக் குறையாகவே படுகிறது. அவர்களைக் கோழைகள் என்றோ பிரித்தானிய ஆதரவாளர் என்றோ எழுதுவோர், பாங்காக் தீர்மானங்களை ஒருமுறை எடுத்து வாசிப்பது நலம்.

மேனன் நாடு திரும்பி மீண்டும் மாத்ருபூமியின் ஆசிரியரானார். சிலகாலம் இலங்கையில் இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். ‘கழிஞ்ஞ காலம்’ என்னும் தன்வரலாற்றை எழுதினார். 1978இல் மறைந்தார். மலையாளம் வாசிக்கத் தெரிந்த எல்லைத் தமிழர் நம்மில் ஏராளம். அந்நூலைத் தேடி வாசிக்கலாம். ராகவன் பின்னாளில் சீனாவில் இந்தியத் தூதராக இருந்தார்.

விடுதி போரில் பிழைத்தது. வெற்றி பெற்ற அமெரிக்கப் படை அதனைத் தன் அதிகாரிகளின் தங்குமிடமாக எடுத்துக்கொண்டது. ஆக்கிரமிப்புக் காலம் முடிந்த பின்னரும் முப்பதாண்டுகளுக்கு மேலாகத் திருப்பித் தரவில்லை. 1983இல் மினாமி அசாபு பகுதியில் ‘நியூ சன்னோ’ கட்டி முடிக்கப்பட்ட பின்னரே பழைய இடம் விடுபட்டது. அங்கே இப்போது நிற்பது 2000ஆம் ஆண்டில் எழுந்த, 44 மாடிகள் கொண்ட சன்னோ பார்க் டவர் என்னும் அலுவலகக் கோபுரம். அதன் அருகே ஹியே கோயில் இன்றும் இருக்கிறது.