கல்பாக்கம் சுற்றுப்புறக் கதிர்வீச்சுக் கண்காணிப்பு

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றரில், வங்காள விரிகுடாக் கரையில் உள்ள கல்பாக்கம் அணு வளாகத்தைச் சுற்றிக் காற்று, நீர், மண், உணவு ஆகியவற்றின் கதிரியக்கம் தொடர்ந்து அளக்கப்படுகிறது. 1971இல் தொடங்கிய அணுஉலை ஆராய்ச்சி மையம் 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறியது. சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் இதே வளாகத்தில் உள்ளன. முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இயற்கை அளவுகளைப் பதிவு செய்துவிட்டது.

அந்த முற்பதிவு இல்லாவிட்டால் பின்னர் எடுக்கும் எந்த அளவையும் விளக்குவது கடினம். இக்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கலந்திருக்கிறது. அலை கனிம மணலை ஒதுக்கும் இடத்தில், உலையோடு சம்பந்தமே இல்லாமல், கதிர்வீச்சு மானியின் அளவு கூடும். உலை எதுவும் இல்லாத இலங்கையின் சப்ரகமுவவிலும் நிலம் இப்படித்தான். அங்குள்ள இரத்தினக்கல் படிவுகளில் கிடைத்த தோரியனைட்டை 1904இல் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்தார். எகலியகொடையில் கிடைத்த எக்கனைட்டும் கதிரியக்கமுள்ள கல்லே.

அளவீட்டின் எளிய கருவி, டிஸ்ப்ரோசியம் சிறிதளவு சேர்த்த கல்சியம் சல்பேட்டுத் தகடு. வளாக வேலியிலும் சுற்றூர்களிலும் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, எடுத்துச் சூடாக்கினால், அது வாங்கிய கதிர்வீச்சுக்கு ஏற்ப ஒளிரும். மொத்தத்தைச் சொல்லும், எந்த நாளில், எந்த மணிக்கு என்று சொல்லாது. ஆர்கன்-41க்கு இது போதாது. சென்னை நிலைய உலைக்கலத்தைச் சூழ்ந்த அறையில் காற்றே நிரம்பியிருப்பதால், அதிலுள்ள ஆர்கன் நியூத்திரனை ஏற்றுக் கதிரியக்கமாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அதன் அரைவாழ்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. காற்று வீசும் திசையில் உள்ள மானி ஏறும், எதிர்ப்புற மானி அசையாது. ஆகவே தானாகப் பதியும் காமா மானிகளின் அளவைக் காற்றின் திசை, வேகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சென்னை நிலையத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் பிறக்கும் ட்ரிட்டியம் நீரோடு நீராகக் கலப்பதால் நீர் மாதிரிகளில் தேடப்படுகிறது. அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு. அயோடின்-131 புல் வழியே மாட்டுக்குப் போய்ப் பாலில் சேரும் என்பதால் பால் தனியே சோதிக்கப்படும். கழிவுநீர் கடலில் விடப்படுவதால் மீனும் ஆய்வுக்கு வருகிறது.

பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இது இயற்கைக் கதிர்வீச்சையும் மருத்துவப் பயன்பாட்டையும் சேர்க்காத கணக்கு. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து பெறும் சராசரியே 2.4 மில்லிசீவர்ட் என்பதால், உலையின் பங்கைப் பிரித்தறிவதே வேலையின் கடினமான பகுதி.

இலங்கையில் சுற்றாடல் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் பொறுப்பு இலங்கை அணுசக்திச் சபையிடம் உள்ளது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இச்சபை, அயல்நாட்டு உலை விபத்தை உடனுக்குடன் அறியக் காமா மானி நிலையங்களையும் நடத்துகிறது.