சைக்கிளுக்கு எண்ணெய் பிரேக் வந்த கதை

ஆரணியில் ஜக்கார்டு தறி ஓடுகிற வீட்டுக்குள் போனால் தலைக்கு மேலே ஒரு பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருப்பார். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் 1804-ல் உருவாக்கிய அமைப்பு அது. துளையிட்ட அட்டைகளின் சொல்படி பாவு நூல்கள் எழுந்து தாழ, முந்தானையில் மயிலும் அன்னமும் வந்து இறங்குகின்றன. சமீப காலமாக இன்னொரு பிரெஞ்சுக்காரரும் நம் ஊருக்குள் வந்திருக்கிறார். நம் பேரப்பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிளின் பிரேக்குக்குள் அவர் இருக்கிறார். பெயர் பிளேஸ் பாஸ்கல். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பள்ளி நாளிலேயே எனக்கு அவர் பழக்கம். அவர் இங்கே வந்து சேர்ந்த வழியைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் காலத்து பிரேக்கைப் பார்ப்போம். கைப்பிடிக்குக் கீழே இரும்புக் கம்பி, அதிலிருந்து சக்கரத்துக்கு இறங்கும் இன்னொரு கம்பி, முடிவில் இரண்டு ரப்பர் கட்டைகள். பிடியை அழுத்தினால் கட்டைகள் மேலே எழும்பி, ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். கேரியரில் புடவை மூட்டை, முன் பாரில் பிள்ளை என்று அந்த வண்டியில்தான் ஊர் முழுக்கப் போய் வந்தது. வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. மழையில் கதை வேறு. நிக்கல் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் வழுக்கும். அப்போது செருப்புக் காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தாதவர் நம்மில் யார்?

அதற்கும் முந்தைய கதை பாரீஸில் தொடங்குகிறது. 1860-களில் மிஷோ என்பவரின் பட்டறையில் செய்த வண்டிகளில் கைப்பிடியை முறுக்கினால் ஒரு கயிறு இழுபட்டு, பின்சக்கரத்தின் மேல் ஒரு கட்டை போய் அழுந்தும். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்த பிறகு, டயர் மேலேயே அழுத்தும் பிரேக் டயரைத் தின்றது. ஆகவே பிரேக் டயரை விட்டு ரிம்முக்கு மாறியது. 1896-ல் இங்கிலாந்தில் பௌடன் என்பவர் உறைக்குள் ஓடும் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றார். வளைந்து நெளிந்து போனாலும் இழுவை குறையாத அந்தக் கேபிள், கம்பிக்கு மாற்றாக மெல்ல மெல்ல வந்தது.

நம் பக்கத்தில் 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் நம் வயதுக்காரர்கள் முகம் மலரும்.

இனி பாஸ்கலுக்கு வருகிறேன். 17-ஆம் நூற்றாண்டுக்காரர். திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று காட்டினார். நீர் நிரம்பிய பாத்திரத்தில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைப் போல நூறு மடங்கு பெரிது. சின்ன வாயில் ஒருவன் அழுத்தினால் பெரிய வாயில் நூறு பேரின் பலத்துக்கு ஈடாக நிற்பான் என்பது அவர் கணக்கு. ஆனால் இலவசமாக எதுவும் இல்லை. பலம் நூறு மடங்கு கூடினால் நகரும் தூரம் நூறில் ஒரு பங்காகக் குறையும். 1662-ல் அவர் இறந்த மறு ஆண்டுதான் அந்த நூல் அச்சேறியது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அதே விதியை வைத்து நீரழுத்த யந்திரம் செய்தார். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் காருக்கு நான்கு சக்கரங்களிலும் எண்ணெய் பிரேக் வந்தது. வட்டத் தகட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கு 1902-லேயே லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியிருந்தார். அது பெயர் பெற்றது 1953-ல், பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோது. இரண்டே ஆண்டில் சித்ரோயன் டி.எஸ். காரில் முன்சக்கரங்களுக்கு அது வந்தது. 1969-ல் ஹோண்டாவின் 750 சி.சி. மோட்டார் சைக்கிள் அதை இரண்டு சக்கரத்துக்கு இறக்கியது.

சென்னை பாடியில் 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. பாடிக்கும் அம்பத்தூருக்கும் எவ்வளவு தூரம்? ஒரு பக்கம் கார்களுக்கு எண்ணெய் பிரேக், மறு பக்கம் கம்பி பிரேக் போட்ட சைக்கிள். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே பல ஆண்டுகள் இருந்தன. சமதரையில் போகும் சைக்கிளுக்கு எண்ணெய் பிரேக் தேவைப்படவில்லை என்பதே காரணம்.

தேவையை உண்டாக்கியது மலை. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் மரின் என்ற பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களோடு இளைஞர்கள் ஒரு மண்பாதையில் இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் அச்சுக்குடம் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'மறுபடி அடை' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்தது. மவுண்டன் பைக்கின் பிறப்புக் கதையே பிரேக் கொதித்த கதைதான். 1987-ல் ஜெர்மனியின் மகுரா எண்ணெயால் இயங்கும் ரிம் பிரேக்கைக் கொடுத்தது. 1990-களின் பிற்பகுதியில் எண்ணெய் டிஸ்க் பிரேக் மலைச் சைக்கிள்களுக்கு வந்து நிலைத்தது.

ஆரணிக்காரர்களுக்கு மலை தூரமில்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் ஜவ்வாது மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் சைக்கிளில் ஏறுகிறார்கள். ஏறுவதில் ஆபத்தில்லை. இறங்குவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, இறக்கம் 500 மீட்டர் என்றால், அந்தச் சக்தி ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வரப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் உள்ளங்கை அகலத் தகட்டில்தான் இறங்குகிறது.

போன வருஷம் எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் தன் மகனோடு வந்தார். பையன் மிச்சம் பிடித்த பணத்தில் எடை குறைந்த எண்ணெய் டிஸ்க் பிரேக் ஒரு ஜோடி வாங்கியிருந்தான். "தாத்தா, மெக்கானிக் பைக்குக்கு ஊத்துற ஆயிலே போதும்னு சொல்றார். ஊத்திடலாமா?" என்று கேட்டான். பெட்டியில் இருந்த தாளில் பல பாஷைகள். ஆங்கிலப் பக்கம் கிழிந்து போயிருந்தது. பிரெஞ்சுப் பத்தியை வாசித்துச் சொன்னேன். மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "நல்ல வேளை சார், நாளைக்கு மலைக்குப் போறதா இருந்தான்" என்றார் தகப்பனார். மெக்கானிக் கெட்டவர் அல்ல. மோட்டார் சைக்கிளுக்கு அவர் சொன்னது சரிதான்.

விஷயம் இதுதான். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது 'டாட்' வகை எண்ணெய். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஸ்ராம் நெடுங்காலம் டாட் எண்ணெயையே வைத்திருந்தது. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய்க் கெடும். கெடுவது கடையில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். டாட் எண்ணெய் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பிடி கைப்பிடி வரை போய் ஒட்டும், வண்டி நிற்காது.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிக லேசான பிரேக் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 200 கிராம்; நான்கு பிஸ்டன் வைத்த கனமானது சுமார் 300 கிராம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மிச்சமாவது ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. அதற்காகத் தகட்டை மெலிதாக்கினால் சூடு தாங்கும் இடம் குறைகிறது. 160 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 180 போட்டால் அதே கை அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு பிடிப்புக் கூடும். முன்சக்கரத்துக்குப் பெரிய தகடு, பின்சக்கரத்துக்குச் சிறியது என்று போடுவது நல்ல ஏற்பாடு. நிறுத்தும்போது பாரம் முன்னால்தான் சாய்கிறது.

பேரப்பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே ஓட்டப் போகிறான்? ஆளின் எடை என்ன? எண்ணெய் மாற்ற யாரிடம் போவான்? ஊருக்குள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் என்றால் கேபிளால் இழுக்கும் பிரேக்கே போதும். நம் கடைத்தெரு சைக்கிள் கடையில் பத்து நிமிஷத்தில் கேபிள் மாற்றித் தருவார்கள். மலைக்கு என்றால் எண்ணெய் பிரேக் வாங்கித் தரலாம், தயங்க வேண்டாம். இரண்டு விரலால் பிடித்தாலே நிற்கும். நீண்ட இறக்கத்தில் கை ஓயாது. வாங்கிய அன்றே எண்ணெயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வண்டியின் பாரில் ஒட்டிவிடுங்கள். மெக்கானிக் எவராக இருந்தாலும் படித்துவிட்டு ஊற்றுவார்.