வான்கோழிகள் சொன்ன சேதி

1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்துப்போயின. தீனி எடுக்காது, இறக்கை தொங்கும், சில நாளில் சாவு. அறுத்துப் பார்த்தால் ஈரல் கெட்டிருக்கும். தொற்றுநோயாக இருக்குமோ என்று தேடினார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. என்னவென்றே தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

கடைசியில் தடயம் தீவன மூட்டையில் கிடைத்தது. புரதத்துக்காகச் சேர்த்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. நம்மூரில் மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுக்கிறோமே, அதேதான். ஆனால் குற்றவாளி கடலை இல்லை. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. அதன் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்த வகை பி, பச்சையாக ஒளிர்ந்தது ஜி.

கடலை மனுஷனும் தின்கிற பண்டம். இந்த நஞ்சு மனிதருக்கும் ஈரல் புற்றுநோய் தரும் என்பது பின்னால் உறுதியானது. அந்தக் குஞ்சுகள் சாகாமல் இருந்திருந்தால் நமக்கு இது எப்போது தெரிந்திருக்கும்?

இப்போது புதுப் புரதம் பூச்சிப்புழு. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கோழித் தீவனத்தில் அனுமதித்தது. ஆனால் அந்தப் புழுக்களுக்குச் சமையலறைக் கழிவைப் போடக்கூடாது என்ற தடை அங்கே தொடர்கிறது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. கோழிக்கு என்ன போடுகிறோம் என்று மட்டும் கேட்டால் போதாது. அது எதைத் தின்று வளர்ந்தது, எந்த ஈரத்தில் கிடந்தது என்றும் கேட்கணும்.