சொல்வதெழுதல்: காதுக்கு வைத்த பரீட்சைகள்



போன மாதம் ஒலிபரப்பு முடிந்து கலையகத்தைப் பூட்டிக்கொண்டு நிற்கையில் ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். ஊரில் ஏழு வருடம் தாதியாக வேலை செய்தவள். இங்கே சிட்னியில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. தாதியாகப் பதிவு எடுப்பதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். "அண்ணை, வாசிப்பு ஏழரை, பேச்சு ஏழு. கேட்டல் மட்டும் மூன்றாம் தரமும் ஆறரையிலேயே நிற்குது. நாளுக்கு ரெண்டு மாதிரிப் பரீட்சை செய்யிறன். இனி என்னதான் செய்ய?" என்றாள். கேட்டலில் ஏழு இல்லையென்றால் பதிவு இல்லை. ஒவ்வொரு தரமும் பரீட்சைக்குக் கட்டும் காசு அவளுடைய எத்தனை இரவு வேலை என்று அவளுக்குத்தான் தெரியும்.

நான் கணக்காளன், ஆங்கில வாத்தியார் அல்லன். ஆனால் இதே கேட்டல் பரீட்சையில் நானும் ஒருமுறை விழுந்தவன். அவளுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பரீட்சைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் காதால் வந்தது 'சொல்வதெழுதல்' பாடத்தில் மட்டும்தான். ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் சொல்லுவார். பத்துக்குப் பத்து எடுப்பேன். அவர் ஒருவருடைய ஆங்கிலம் மட்டுமே எனக்கு விளங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடை. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பது. இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை. அது முடிந்ததும் நான் பி.பி.சி.யின் ஆங்கிலச் செய்திக்குத் திருப்புவேன். தமிழுக்குச் சுற்றிய தம்பி ஆங்கிலத்துக்குச் சுற்ற மாட்டான். நானே சுற்றிக்கொண்டு கேட்பேன். கை தளர்ந்தால் குரலும் தளரும். தவறிய சொல் தவறியதுதான், திரும்பக் கேட்க வழியில்லை. பிற்காலத்தில் எழுதிய பரீட்சையின் விதியும் அதுவாகவே இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். நாம் வாழும் இந்த நாட்டில் காதால் கேட்டு எழுதும் பரீட்சைக்கு ஓர் இருண்ட கதை உண்டு. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வந்திறங்கும் ஒருவருக்கு அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பந்தியை வாசித்துக் காட்டுவார். அதை அவர் பிழையின்றி எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழி போதும். எது என்று தீர்மானிப்பது அதிகாரி. ஆங்கிலம் தெரிந்தவர் வந்தால் வேறொரு மொழியில் வாசிக்கலாம். 1902 தொடக்கம் 1909 வரை இந்தப் பரீட்சை 1,359 பேருக்கு வைக்கப்பட்டது. சித்தியடைந்தவர்கள் 52 பேர். 1909க்குப் பிறகு ஒருவருமில்லை.

இந்த யோசனை அவுஸ்திரேலியாவின் சொந்தச் சரக்கும் அல்ல. தென்னாபிரிக்காவின் நேட்டாலில் 1897இல் வந்த சட்டமே முன்மாதிரி. அங்கே வருபவர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுத வேண்டும். யாரைத் தடுக்க? 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற்கப்பலோடு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். அவர்களில் தமிழர் பலர். அவர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக வந்த இந்தியரைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். சட்டத்தில் இனம், நிறம் என்ற சொல்லே இராது. பரீட்சை என்று மட்டும் இருக்கும்.

1934இல் நடந்த கதையொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏகோன் கிஷ் என்ற எழுத்தாளர் பிராக் நகரத்துக்காரர். போருக்கும் பாசிசத்துக்கும் எதிராகப் பேசுவதற்கு இங்கே அழைக்கப்பட்டார். அரசாங்கம் இறங்க விடவில்லை. மெல்பேர்ணில் கப்பல் தட்டிலிருந்து கரைக்குக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல மொழி தெரிந்த மனிதர். சாதாரண மொழியில் வைத்தால் எழுதிவிடுவார். ஆகவே சிட்னியில் ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் ஒரு பந்தியை வாசித்துக் காட்டி, அவரைத் தோல்வி என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சட்டம் சொல்லும் பொருளில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கோபம், கிஷ்ஷுக்கு வெற்றி. ஆனால் பரீட்சை ஒழிய 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னபோது, "அப்ப எங்களுக்கு வைக்கிறதும் அதுதானோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். விழுத்துவதற்கென்றே வைத்த பரீட்சை வேறு, அளப்பதற்கு வைக்கும் பரீட்சை வேறு. கூட்டிவைத்த கணக்கையும் கூடிய கணக்கையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன். ஆனாலும் வாசலில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அளக்கும் பரீட்சையின் வழி கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. 1913இல் பிறமொழிக்காரருக்கான ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை வைத்தார்கள். பன்னிரண்டு மணித்தியாலம்! மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் எல்லாம் உண்டு. காதுக்கென்று இருந்தது அரை மணித்தியாலச் சொல்வதெழுதல். தோற்றியவர்கள் மூன்று பேர், மூவரும் சித்தியடையவில்லை. அங்கே கேட்டறிதல் ஒரு தனித்தாளாக 1975இன் திருத்தத்தில்தான் வந்தது. அமெரிக்கர்கள் முந்திக்கொண்டார்கள். 1964இல் முதலில் நடந்த ரோஃபல் பரீட்சையிலேயே கேட்டலுக்குத் தனிப்பகுதி இருந்தது.

சொல்வதெழுதல் ஏன் பின்னுக்குப் போயிற்று? ரொபேர்ட் லாடோ என்ற பேராசிரியர் 1961இல் எழுதிய நூலில் அதைக் குறைத்துப் பேசினார். சொற்களையும் அவற்றின் ஒழுங்கையும் வாசிப்பவரே கொடுத்துவிடுகிறார், பிறகு எதை அளக்கிறோம் என்பது அவர் வாதம். பத்து வருடம் கழித்து ஜோன் ஒல்லர் மறுத்தார். காது அப்படியே எழுதுவதில்லை. கேட்டதைத் தன் மொழியறிவால் திருப்பிக் கட்டித்தான் எழுதுகிறது என்றார். சொல்வதெழுதலில் கிடைக்கும் புள்ளி மற்றப் பகுதிகளின் புள்ளிகளோடு நன்கு ஒத்துப்போவதையும் காட்டினார். என்னைக் கேட்டால் ஒல்லர் பக்கம். பரீட்சையாக அது போதாமல் இருக்கலாம், பயிற்சியாக அதற்கு நிகர் இல்லை.

1980இல் பிரித்தானியாவில் வந்த பரீட்சையொன்று, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் அமைப்பும் சேர, 1989இல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆனது. கேட்டலில் நான்கு பகுதி, நாற்பது கேள்வி, ஏறக்குறைய அரை மணித்தியாலம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான். நாற்பதில் முப்பது அளவில் சரியென்றால் ஏழு.

நான் 1998இல் எழுதினேன். என் வர்த்தகப் பட்டத்தை இங்கே ஏற்பதற்கு ஒரு தொழில் அமைப்பு கேட்டது. மண்டபத்தின் முன்மேசையில் ஒரு கசற் பிளேயர். முதலாம் பகுதியில் ஒரு பெண் வீடு வாடகைக்கு எடுக்கப் பேசுகிறாள். தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள். அவள் சொன்ன 'ஏ' என் காதில் 'ஐ'யாக விழுந்தது. இந்த நாட்டு உச்சரிப்பு அப்படி. அதையே யோசித்துக்கொண்டிருக்க அடுத்த மூன்று கேள்விகளும் கடந்து போய்விட்டன. அமைப்பு கேட்ட புள்ளி வரவில்லை. ஒரு வருடம் பழக்கடையில் கல்லாவில் நின்றேன்.

தங்கச்சியிடம் அவளுடைய மாதிரித் தாள்களைக் கொண்டுவரச் சொன்னேன். கணக்குப் புத்தகம் பார்ப்பது போலப் பிழைகளை வகைப்படுத்தினோம். மருத்துவச் சொல் ஒன்றுகூடப் பிழையில்லை. பாதிக்கு மேல் இலக்கங்களும் பெயர்களும். பிஃப்ரீனும் பிஃப்ரியும் எங்களுக்கு ஒன்று. தமிழில் பதினைந்தையும் ஐம்பதையும் யாரும் மாறிக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். அந்த அழுத்தத்தைக் கேட்க எங்கள் காதுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'பி'யும் 'பீ'யும் போன்ற எழுத்துச் சோடிகள் இன்னொரு தொல்லை. எங்கள் 'ப' இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறதே! மிச்சம், சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய 'ஸ்'. பிறகு 'கேன்' போன்ற சின்னச் சொற்கள். வாத்தியார் முழுதாகச் சொன்ன 'கேன்' இங்கே பேச்சில் 'க்ன்' என்று விழுங்கப்படுகிறது. நோயாளியால் முடியும் என்றாரா, முடியாது என்றாரா? தாதிக்கு அது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே மாதிரிப் பரீட்சையை நிறுத்தச் சொன்னேன். மாதிரிப் பரீட்சை விழுந்த இடத்தைக் காட்டும், ஆனால் எழும்பப் பழக்காது. அதற்குப் பதில் பழைய சொல்வதெழுதல். ஆங்கிலச் செய்தியில் இருபது விநாடி. முதலில் எழுதாமல் கேட்பது. பிறகு துண்டு துண்டாக நிறுத்தி ஒவ்வொரு சொல்லையும் எழுதுவது, விழுங்கிய சின்னச் சொற்களையும் சேர்த்து. அதன்பின் அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டு, பிழைத்த இடத்தை மட்டும் பல தரம் கேட்டு வாய்விட்டுச் சொல்வது. கடைசியில் நிறுத்தாமல் ஒருமுறை. மொத்தம் கால் மணித்தியாலம். 1958 வரை ஆட்களைத் திருப்பி அனுப்பிய அதே முறைதான். இப்போது பந்தியைத் தெரிவதும் நாங்கள், நிறுத்துவதும் நாங்கள்.

சனிக்கிழமைகளில் ஒலிபரப்புக்கு முன் கலையகத்தில் இருவரும் இருந்து எழுதுகிறோம். போன கிழமைச் செய்தியில் ஒரு தீயணைப்புக் கணக்கு வந்தது. நான் பிஃப்ரீன் என்று எழுதியிருந்தேன், அவள் பிஃப்ரி. மூன்று தரம் திருப்பிப் போட்டோம். அவளுடையதுதான் சரி. இந்த நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்த கணக்காளனின் தாளை வாங்கி, இலக்கத்தை வெட்டித் திருத்தினாள்.

அவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. சேர்ந்து எழுத விரும்புபவர்கள் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வரலாம். பென்சிலும் அழிறப்பரும் கொண்டு வாருங்கள்.