குங்குமாதி: மூக்கிலிருந்து முகத்துக்கு

குங்குமாதி தைலத்தில் வரும் குங்குமம், நாம் நெற்றியில் இட்டுக்கொள்வது அல்ல. குங்குமப்பூ. வடமொழியில் குங்குமம் என்றால் பூதான். (இங்கே வடக்கே கேசர் என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும்.) இப்போது அதை இரவில் முகத்தில் தடவும் எண்ணெய் என்று, 'புதிய ஃபார்முலா' முத்திரையோடு விற்கிறார்கள். தங்கமணி ஒரு மாதமாகப் பூசுகிறார். பிசுக்கு குறைவு, தலையணை உறை தப்பித்தது என்கிறார். நமக்கு வந்த சந்தேகம் வேறு: பழைய ஃபார்முலாதான் என்ன?

அது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில், உத்தர ஸ்தானம் 32-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நூலின் காலம் ஏறக்குறைய கி.பி. 7-ஆம் நூற்றாண்டு என்பார்கள். வெட்டிவேர், சந்தனம், இளம் ஆலம்விழுது, தாமரைக் கேசரம், நீலோற்பலம் முதலியவற்றைக் கஷாயம் வைத்துக் கால் பங்காக வற்றவிட வேண்டும். அரக்கு, பதிமுகம், மஞ்சிட்டி, அதிமதுரம், குங்குமப்பூ ஒவ்வொன்றிலும் ஒரு கர்ஷம் அரைத்துச் சேர்த்து, இரு மடங்கு ஆட்டுப்பாலோடு ஒரு குடவம் நல்லெண்ணெயைக் காய்ச்ச வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முகத்தில் பூசு என்று அங்கே சொல்லவில்லை. நசியம், அதாவது மூக்கில் விடும் மருந்து! தொடர்ந்து விட்டுவந்தால் மங்கு, சுருக்கம், நரை போகும், முகம் நிறம் பெறும் என்கிறது சுலோகம். முகப்பூச்சாக அது பிரபலமானது பிற்பாடுதான். ஆக, ஃபார்முலாவை மாற்றுவது இன்றைய கம்பெனிகள் தொடங்கிய வேலை அல்ல. நல்லெண்ணெய்க்குப் பதில் பாதாம் எண்ணெய் ஊற்றினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? அரசின் ஆயுர்வேத ஃபார்முலரி அளவில் ஒரு கர்ஷம் 12 கிராம், ஒரு குடவம் 192 கிராம். பதினாறு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு குங்குமப்பூ. திரவங்களை இரட்டிப்பாக எடுக்கும் மரபுப்படி பார்த்தாலும் முப்பத்திரண்டுக்கு ஒன்று. 12 மில்லி பாட்டிலுக்கு ஏறக்குறைய முக்கால் கிராம், குறைந்தது 0.375 கிராம். கிராம் 400 ரூபாய் என்று வைத்தால் பூவுக்கு மட்டுமே 150 முதல் 300 ரூபாய். ஒரு கிலோ பூவுக்கு லட்சத்துக்கு மேல் மலர்களைக் கையால் பறிக்க வேண்டும், விலை குறைய வழியில்லை. முழு பாட்டிலே 150 ரூபாய்க்குக் கிடைத்தால் உள்ளே பூ எவ்வளவு இருக்கும்?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. குங்குமப்பூவின் நிறச்சத்து நீரில் கரைவது, எண்ணெயில் சுலபமாக இறங்காது. அரக்கும் பதிமுகமும் மஞ்சிட்டியும் சாயச் சரக்குகள், சிவப்புக்கு அவை போதும்.

1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில், 1964 திருத்தத்துக்குப் பிறகு ஆயுர்வேதம் தனி அத்தியாயமானது. அட்டவணையில் உள்ள நூலின்படி அப்படியே செய்தால் அது சாஸ்திரோக்த மருந்து, சரக்கை அங்கிருந்து எடுத்துத் தன் போக்கில் கலந்தால் 'புரொப்ரைட்டரி'. இரண்டிலும் லேபிளில் சரக்குகளின் அளவு போட வேண்டும். அழகுசாதனம் என்று பதிவு செய்துவிட்டால் பெயர்ப் பட்டியல் போதும், ஒவ்வொன்றின் எடையும் தேவையில்லை. வாங்கும்போது விலைக்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். காஷ்மீர் பாம்பூர் பக்கம் மாற்றலில் போன நண்பர்கள் இருந்தால், அங்கே இன்று கிராம் என்ன விலை என்று சொல்லுங்களேன்.