முன்பணம் (கடல் மீன்பிடித் தொழில்)

முன்பணம் என்பது, மீன் கரைக்கு வருவதற்கு முன்பே ஏலக்காரர் அல்லது மீன் வியாபாரி படகு உரிமையாளருக்குக் கொடுக்கும் தொகை. உரிமையாளர் தம் படகில் வரும் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதற்கும் இதே பெயர்தான். பேச்சுவழக்கில் ‘அட்வான்ஸ்’. காரைக்கால் மாவட்டத்தின் கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் கிராமங்கள் அமைந்த சோழமண்டலக் கடற்கரையில் இது பரவலான நடைமுறை.

தேவை

படகு கடலுக்குப் போக டீசல், ஐஸ், வலை, எஞ்சின் பழுது என்று கைக்காசு வேண்டும், மீன்பாடு நிச்சயமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும் அப்போதுதான். வரவு நின்றிருக்கும்போது செலவு கூடும். வங்கி ஈடு கேட்கும். ஏலக்காரருக்கு இனி வரப்போகும் மீனே ஈடு.

கணக்கு

முன்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டி இல்லை. பதிலாக, கடன் தீரும்வரை, முன்பணம் கொடுத்தவர் மூலமாகவே மீனை விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பிடிக்கப்படும். ஓர் எடுத்துக்காட்டு: 2 லட்சம் ரூபாய் முன்பணம் பெற்ற படகின் மீன் ஒரு நடைக்கு 20,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது; கமிஷன் 5 சதவீதம். நடைக்கு 1,000 ரூபாய் வீதம் 150 நடைகளில் ஒன்றரை லட்சம் ரூபாய் போய்விடும். அசல் 2 லட்சம் அப்படியே நிற்கும். ஏலம் விடுவதும், வியாபாரிகளிடம் பணம் வசூலித்துத் தருவதும் இந்தக் கமிஷனுக்குள் அடக்கம் என்பதும் உண்மை. ஆனால் வேறிடத்தில் நல்ல விலை கிடைத்தாலும் படகுக்காரரால் அங்கே விற்க முடியாது.

தொழிலாளர் முன்பணம்

மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ் முதலிய செலவு போக மிஞ்சுவதே உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்காகப் பிரிக்கப்படும். தொழிலில்லாத மாதங்களில் வாங்கிய முன்பணம் தொழிலாளியின் பங்கில் கழியும்; அது தீராமல் வேறு படகுக்கு மாறுவது கடினம். முன்பணத்துக்கு ஈடாக வேலை மாறும் உரிமையையோ, உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்து கட்டாயத்தின்பேரில் உழைப்பதைக் கொத்தடிமை முறை என்கிறது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணம் எல்லாமே கொத்தடிமை ஆகாது. எனினும் அந்த எல்லையைத் தொழிலாளர்கள் அறிந்திருப்பது அவசியம்.

மாற்று வழிகள்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, விற்பனையையும் கடனையும் மீனவர் சங்கத்தின் கையிலேயே வைத்தது. அன்றைய விற்பனையில் ஒரு பகுதி கடனுக்குக் கழியும். மீன்பாடு குறைந்தால் தவணையும் குறையும். முன்பண முறையில் கரையாத அசல் இங்கே நாள்தோறும் கரைகிறது.

விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை, 2018–19 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பால் மீனவர்களுக்கும் விரிந்தது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் சேமிப்பு நிவாரணத்தில், மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசு 3,000 சேர்த்து, மீன்பிடி இல்லாத மூன்று மாதங்களுக்கு மாதம் 1,500 வீதம் வழங்குகிறது. இது வீட்டுச் செலவைத் தாங்க உதவும். படகுப் பழுதுக்குக் காணாது. தடைக்காலம் முடிவதற்குள் அந்தச் செலவுக்கும் கடன் கிடைத்தால்தான், படகுக்காரர் தம் மீனைத் தாம் விரும்பும் இடத்தில் விற்க முடியும்.